வில்லிங் என்றால் ஆசை இல்லை: ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்கு

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள். என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் சேர்வது அந்த நாட்களில்தான். படகு வேலை இல்லாத பையன்கள், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அவர்களுடைய தங்கைகள், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் விரட்டிவிட்டவர்கள், ராமேஸ்வரம் விடுதி ஒன்றில் வரவேற்பறை வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் இருப்பதைத் தட்டச்சு செய்து, தப்பிருந்தால் திருத்தி, அச்சடித்துக் கொடுப்பேன்.

அந்தச் சீட்டுகளில் அதிகமாக அடிபடும் சொல் வில்லிங். கடினமான சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள். இது பழகிய சொல். "டிரான்ஸ்பருக்கு வில்லிங் கொடுத்துவிட்டேன்" என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், "பெண் வீட்டில் வில்லிங்காம்" என்று தரகர் சொல்கிறார். தமிழுக்குள் வந்து அது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது பெயரடை. நல்ல, பெரிய, நீளமான என்பவை போல ஒருவரின் தன்மையைச் சொல்வது. "பெரிய கொடுத்துவிட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அதைப் போல ஆங்கிலத்தில் வில்லிங்கைக் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டுமானால் வில்லிங்னஸ் என்று பெயர்ச்சொல்லாக்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் படி: "விருப்பம்" என்ற பொருளைத் தள்ளிவையுங்கள்

பள்ளிக்கூடத்தில் வில்லிங் என்பதற்கு "விருப்பமுள்ள" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அலுவலகங்களிலும் "விருப்பக் கடிதம்" என்றே சொல்கிறார்கள். அங்கேதான் கோளாறு. விருப்பம் என்றவுடன் நமக்கு ஆசை நினைவுக்கு வருகிறது. வில்லிங்கின் அடிப்பொருளில் ஆசை இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. "எனக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டால் மறுக்கமாட்டேன்" என்கிற அளவு போதும். இசைவு, சம்மதம், மனம் ஒப்புதல் என்ற சொற்கள் அதற்குப் பக்கத்தில் நிற்கின்றன.

அதிகாலை இரண்டு மணி. வெளியே கச்சான் காற்று. நாட்டுப்படகில் ஓர் ஆள் குறைகிறது என்று உங்கள் மாமா வந்து கதவைத் தட்டுகிறார். "வருகிறாயா?" தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. "சரி மாமா, வருகிறேன்" என்று எழுந்து சட்டையைத் தேடுகிறீர்கள். போக ஆசை இருந்ததா? இல்லை. மாமா கட்டாயப்படுத்தினாரா? அதுவும் இல்லை, முடியாது என்று திரும்பிப் படுத்திருக்கலாம். அந்தச் "சரி மாமா"வுக்குள் இருப்பதுதான் வில்லிங்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. வருகிறவர்களிடம் இதைச் சுமைச் சோதனை என்று சொல்வேன். "வில்லிங் டு" என்பதற்குப் பின்னால் வரும் காரியம் கொஞ்சமாவது சுமையாக இருக்க வேண்டும். இரவு வேலை, ஊர் மாற்றம், குறைந்த சம்பளம், காத்திருப்பு, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் பாடு. இவற்றின் முன்னால் அந்தச் சொல் பொருந்தி உட்காரும். சுமையே இல்லாத காரியத்தின் முன்னால் அதை வைத்தால், அந்தக் காரியம் உங்களுக்குச் சுமை என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேரை உட்கார வைத்து நெய்ச்சோறு பரிமாறுகிறார்கள் என்று வையுங்கள். "ஐ ஆம் வில்லிங் டு ஈட்" என்று சொன்னீர்களானால், "சரி, உங்களுக்காகத் தின்று தொலைக்கிறேன்" என்று ஆங்கிலம் அறிந்தவர் காதில் விழும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் அறைகள் வாடகைக்கு விடும் ஒரு தம்பி, வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வரவிருந்தவருக்கு ஒரு பதில் எழுதிக்கொண்டு வந்தார். "வீ ஆர் வில்லிங் டு வெல்கம் யூ" என்று முதல் வரி. உங்களை வரவேற்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை! "ஏன் தம்பி, அவர்கள் என்ன கடன் கேட்டா வருகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, "வீ லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ" என்று மாற்றிக் கொடுத்தேன்.

விண்ணப்பங்களில் இதே தப்பு முதல் வரியிலேயே வந்து நிற்கும். "ஐ ஆம் வில்லிங் டு அப்ளை ஃபார் த போஸ்ட்." வேலை கேட்பவர் நீங்கள். இந்த வரியைப் படிக்கிற மேலாளருக்கு, அவர் வந்து கெஞ்சியதால் நீங்கள் மனமிரங்கி விண்ணப்பிக்கிறீர்கள் என்ற தொனி கிடைக்கும். ஆசையைச் சொல்லும் இடத்தில் "ஐ உட் லைக் டு அப்ளை" என்று எழுதுங்கள். கொஞ்சம் அலுவலக நடை வேண்டுமானால் "ஐ விஷ் டு அப்ளை". வில்லிங்கைக் கீழே, சுமைகளைப் பட்டியலிடும் இடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து. இளவயதில் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தேன். புதிய கிளைக்குப் போக யாரெல்லாம் வில்லிங் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. அந்த ஊருக்குப் போக எனக்கு ஆசை இல்லை; அனுப்பினால் போயிருப்பேன். ஆசை இல்லாததால் "நாட் வில்லிங்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேசைக்காரருக்கும் ஆசை இல்லைதான். அவர் "வில்லிங்" என்று எழுதினார். கடைசியில் அந்தக் கிளைக்கு எங்களில் ஒருவரையும் அனுப்பவில்லை. ஆனால் மறுவருடம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது, அவர் பெயர் இருந்தது. என் கோப்பில் "மறுத்தவர்" என்று ஒரு குறிப்பு இருந்தது. நான் எப்போது மறுத்தேன் என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

வில்லிங் பெயர்ச்சொல்லின் முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் தனியாக வந்தால் ஒரு பொருள். அகராதிகள் இரண்டு எண் போட்டு இதைப் பிரித்திருக்கும். நம் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அகராதி தேவைப்படாது.

வலை கரைக்கு வருகிறது. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் சாய்ந்து இழுக்கிறார்கள். அந்த வழியாகப் போகிற ஒருவர், யாரும் கூப்பிடாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றின் கடைசியில் சேர்ந்துகொள்கிறார். அவர் "எ வில்லிங் ஹெல்ப்பர்". மனமுவந்து, உற்சாகமாக உதவுகிறவர். இன்னொருவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "அண்ணே, ஒரு கை கொடுங்கள்" என்று கூப்பிட்டால் வருவார். அவர் "வில்லிங் டு ஹெல்ப்". கூப்பிட்டால் மறுக்காதவர்.

ஆகவே பெயர்ச்சொல்லின் முன்னால் வரும்போது அதில் ஆர்வம் ஏறிவிடுகிறது. உங்களைப் பற்றிச் சான்றிதழ் எழுதும் தலைமையாசிரியர் "எ வில்லிங் ஒர்க்கர்" என்று எழுதினால் அது பாராட்டு. நீங்களே உங்களைப் பற்றி அப்படி எழுதினால் கொஞ்சம் தற்பெருமை. நீங்கள் எழுத வேண்டியது "ஐ ஆம் வில்லிங் டு ஒர்க்" என்ற இரண்டாவது வகை.

இந்தப் பாகுபாட்டுக்கு அடங்காத பழைய வாக்கியம் ஒன்று உண்டு. தங்கச்சிமடத்திலிருந்து வரும் பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டி என்னை மடக்குவார்கள். மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் "த ஸ்பிரிட் இன்டீட் இஸ் வில்லிங்" என்று வருகிறது. பழைய தமிழில் அது "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது". பின்னால் தனியாக நின்றும் உற்சாகம் என்ற பொருள் வந்துவிட்டது. அந்த நாள் ஆங்கிலத்தில் இது இயல்பு. இன்றைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் அதைப் பின்பற்ற வேண்டாம்.

மூன்றாம் படி: பின்னால் என்ன வர வேண்டும்

இங்கே தப்புகள் கூட்டமாக வரும். முக்கால்வாசித் தப்புக்குக் காரணம் தமிழ்தான். அதைத் தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது.

"எனக்குச் சம்மதம்." இந்தத் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் முழுமையாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் "ஐ வில்லிங் டு ஒர்க்" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு "ஆம்" கட்டாயம் வேண்டும்: "ஐ ஆம் வில்லிங்". அவர் என்றால் "இஸ்", நாங்கள் என்றால் "ஆர்". முடிந்துபோன காரியம் என்றால் "வாஸ்", "வேர்". வேலைச் சீட்டுகளில் நான் சிவப்பு மையால் அதிகம் எழுதிய சொல் இந்த "ஆம்" ஆகத்தான் இருக்கும்.

அடுத்து "டு". வில்லிங்குக்குப் பின்னால் டு, அதன் பின்னால் வினைச்சொல்லின் வெறும் வடிவம். "வில்லிங் டு டிராவல்", "வில்லிங் டு லேர்ன்". "வில்லிங் டு டிராவலிங்" என்று வால் ஒட்டாதீர்கள். சற்று முன் "லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங்" என்று வால் ஒட்டி எழுதினீர்களே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த "டு" வேறு ஜாதி; வேலைக்கு, ஊருக்கு என்பதில் வரும் "கு" உருபு போன்றது, அதனால் பின்னால் பெயர் போன்ற வடிவம் கேட்கிறது. வில்லிங்கின் "டு" வினையோடு பிறந்தது.

பிறகு "ஃபார்". "ஐ ஆம் வில்லிங் ஃபார் நைட் ஷிப்ட்" என்று நம் நாட்டு அலுவலகங்களில் சரளமாகச் சொல்கிறார்கள். புரியும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் காகிதத்தில் வேண்டாம். "வில்லிங் டு ஒர்க் நைட் ஷிப்ட்ஸ்" என்று எழுதிவிடுங்கள். ஃபார் சரியாக வரும் இடம் ஒன்று இருக்கிறது. சம்மதம் ஒருவருடையது, காரியம் செய்கிறவர் இன்னொருவர் என்னும்போது. நீங்கள் துபாய் போவதில் அப்பாவுக்குச் சம்மதம்: "மை ஃபாதர் இஸ் வில்லிங் ஃபார் மீ டு கோ டு துபாய்". ஃபாருக்குப் பின்னால் ஆள், பின்னால் டு. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் சரி.

அளவு கூட்டிச் சொல்ல "வெரி வில்லிங்" போதும். "மோர் தேன் வில்லிங்" என்றால் சம்மதத்தையும் தாண்டி மகிழ்ச்சியே. "வில்லிங்கர்" என்று ஒன்று கிடையாது.

நான்காம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பாதீர்கள்

ரெடி, ஏபிள், வில்லிங் மூன்றையும் நாம் "தயார்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். கடலுக்குப் புறப்படும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் போட்டாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, வலை தைத்தாயிற்று, மீன்துறையில் டோக்கன் வாங்கியாயிற்று. படகு ரெடி. போகிற ஆளுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, தொழில் தெரிகிறது. ஆள் ஏபிள். இத்தனையும் இருந்து, அன்றைக்குப் பார்த்து அவர் "எனக்கு மனசு இல்லை" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டால் அவர் வில்லிங் இல்லை. ரெடி என்பது ஏற்பாட்டைப் பற்றியது, ஏபிள் திறனைப் பற்றியது, வில்லிங் மனதைப் பற்றியது. ஆங்கில ஒப்பந்தங்களில் "ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்" என்று மூன்றையும் சேர்த்தே எழுதுவது, ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நம்ப முடியாததால்தான்.

"ஐ வில்" என்பதோடு கலக்கும் குழப்பம் இன்னும் ஆபத்தானது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். "ஐ வில் ஒர்க் ஆன் சண்டேஸ்" என்றால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். "ஐ ஆம் வில்லிங் டு ஒர்க் ஆன் சண்டேஸ்" என்றால், நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன் என்று மட்டும் தெரிவித்திருக்கிறீர்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போக நினைக்கிறவர் எதை எழுதுவது என்று யோசித்து எழுத வேண்டும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ஏஜென்ட் தரும் படிவத்தின் அடியில் "வில்லிங் டு பெர்ஃபார்ம் எனி அதர் டியூட்டி அசைண்ட்" என்பது போல ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தால், கையெழுத்துக்கு முன் இரண்டு முறை படியுங்கள். சொல்லும் எந்த வேலையையும் செய்ய எனக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள். சமையலாளாகப் போனவர் மூட்டை தூக்கிவிட்டு "நான் இதற்கா வந்தேன்" என்று கேட்கும்போது, அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் இருந்தால்கூட பக்கத்தில் ஓர் எல்லை எழுதிவிடலாம். "வில்லிங் டு ரிலொகேட் வித்தின் தமிழ்நாடு" என்று எழுதினால் சம்மதமும் நிற்கும், வேலியும் நிற்கும்.

ஐந்தாம் படி: கேட்பதும் மறுப்பதும்

பிறரிடம் சிரமமான உதவி கேட்கும்போது வில்லிங் பணிவாக ஒலிக்கும். "உட் யூ பி வில்லிங் டு வெயிட்?" காத்திருக்கச் சம்மதிப்பீர்களா என்று, மறுக்கும் வழியையும் திறந்துவைத்துக் கேட்கிறது. "உட்" என்பதை எடுத்துவிட்டு "ஆர் யூ வில்லிங் டு வெயிட்?" என்று கேட்டால் கொஞ்சம் விறைப்பு கூடும். நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்கலாம். நீங்கள் விருந்தாளியைக் கேட்கக் கூடாது.

இதில் ஒரு நுட்பம், எனக்கே பிடிபட வெகுநாள் ஆயிற்று. கேள்வியில் வில்லிங் வந்தாலும் பதிலில் அது வராமல் இருந்தால் அழகு. அதிகாலை நான்கு மணிக்கு ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போகச் சம்மதமா என்று விருந்தாளி கேட்கிறார். "எஸ், ஐ ஆம் வில்லிங்" என்பது இலக்கணப்படி சரி. ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி சொன்னது போல இருக்கும். "ஐ உட் பி ஹேப்பி டு" என்றால் நான்கு மணித் தூக்கம் போவதை நீங்கள் பொருட்படுத்தவில்லை என்று ஆகும். சுமையை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

மறுக்கும்போது "ஐ ஆம் நாட் வில்லிங்" என்பது கதவை அறைந்து சாத்துவது. "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்" என்பது மெதுவாகச் சாத்துவது. "அஃப்ரெய்ட் என்றால் பயம்தானே அண்ணே, எனக்கு என்ன பயம்?" என்று ஒரு பாம்பன் பையன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான். பயம் இல்லை, அது ஆங்கிலக்காரரின் "மன்னிக்கவும்".

"அன்வில்லிங்" என்றால் மனம் ஒப்பாதவர். "ரிலக்டன்ட்" என்றால் தயங்குகிறவர்; செய்தாலும் வேண்டா வெறுப்பாகச் செய்வார். இவற்றை உங்களைப் பற்றி எழுதத் தேவை வராது.

ஏலக்கடையும் இறைநாட்டமும்

படி எண் கொடுக்கத் தகாத இரண்டு பயன்பாடுகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, விலை. நண்டு ஏலத்தில் நிற்கிற வியாபாரி மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார்: கிலோ 400 வரை போகலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஆங்கிலத்தில் அது அவர் "வில்லிங் டு பே" செய்யும் விலை. 400 கொடுக்க அவருக்கு ஆசையா என்ன? 250க்குக் கிடைத்தால் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பார். சுமைச் சோதனை இங்கேயும் பலிக்கிறது பாருங்கள். நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் சந்தை மதிப்பை விளக்கும்போதும் இந்தச் சொல்தான் வரும்: விற்க இசைகிற ஒருவர், வாங்க இசைகிற ஒருவரிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கும் விலை. இருவரில் ஒருவருக்கும் நெருக்கடி இருக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள்.

வேலைக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்" என்ற கேள்வியும், "எவ்வளவு சம்பளத்துக்கு வில்லிங்" என்ற கேள்வியும் ஒன்றல்ல. முதல் கேள்வி உங்கள் ஆசையைக் கேட்கிறது. இரண்டாவது, எந்த மட்டம் வரை இறங்குவீர்கள் என்று தரையைத் தட்டிப் பார்க்கிறது. ஏலத்தில் அடிவிலையை உரக்கச் சொல்கிற மீன்காரரை நான் பார்த்ததில்லை.

மற்றொன்று "காட் வில்லிங்". கீழக்கரைக் காக்காமார்களுக்கு, அதாவது அங்குள்ள முஸ்லிம் அண்ணன்மார்களுக்கு, இதை விளக்க வேண்டியதே இல்லை. "இன்ஷா அல்லாஹ்" என்பதன் பக்கத்திலேயே உட்காரும். இறைவன் நாடினால். "காட் வில்லிங், ஐ வில் ஜாயின் இன் ஜூலை" என்று நண்பருக்கு எழுதலாம். இங்கே நடுவில் "இஸ்" வராது, அப்படியே உறைந்துபோன தொடர். நிறுவனத்துக்கு எழுதும் சேரும் தேதியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் தேதியைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் "வெதர் வில்லிங்" என்று எழுதக் கூடாது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப் போகிறவர் ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுத வேண்டுமானால் "வெதர் பெர்மிட்டிங்" என்று எழுத வேண்டும். வானிலைக்கு மனம் கிடையாது, அது அனுமதிக்கும் அல்லது அனுமதிக்காது. வாடைக் காற்றுக்கு மனம் உண்டு, அதுவும் கெட்ட மனம் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாதாடுவார். ஆங்கிலம் அவர் கட்சியில் இல்லை.

ஆறாம் படி: எழுதிப் பாருங்கள்

போன தடைக்காலத்தில் ஒரு பையன் கொண்டுவந்த சீட்டில் இருந்தது இது: "ஐ வில்லிங் டு அப்ளை யுவர் ஹோட்டல். ஐ வில்லிங் ஃபார் எனி ஷிப்ட். மை ஃபேமிலி ஆல்சோ கிவ் வில்லிங்." மூன்று வாக்கியம், மூன்று வில்லிங், மூன்றும் தப்பு. மேலே சொன்னவற்றைக் கொண்டு நீங்களே திருத்திப் பார்த்துவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றியது: "ஐ உட் லைக் டு அப்ளை ஃபார் த போஸ்ட் ஆஃப் ரிசப்ஷனிஸ்ட் அட் யுவர் ஹோட்டல். ஐ ஆம் வில்லிங் டு ஒர்க் நைட் ஷிப்ட்ஸ் அண்ட் டு லேர்ன் ஹிந்தி." குடும்ப வரியை எடுத்தேவிட்டேன். ராமேஸ்வரத்தில் உள்ளூர் வேலைக்கு வீட்டார் சம்மதம் எதற்கு? அவன் அம்மா எழுதச் சொன்னாராம். வெளிநாட்டு வேலையாக இருந்தால் வைத்திருப்பேன். "எனி ஷிப்ட்" என்றிருந்ததை "நைட் ஷிப்ட்ஸ்" என்று சுருக்கியதும் வேண்டுமென்றே. கோயிலுக்கு வரும் கூட்டம் விடியுமுன்னே இறங்குவதால் அங்கே தட்டுப்பாடு இரவு ஆளுக்குத்தான். ஹிந்தியைச் சேர்த்தது அவன் யோசனை. வடநாட்டு யாத்திரிகர்கள் வந்து நிற்கும் மேசைக்கு அது பொருத்தம். சுமை எதுவோ அதை மட்டும், பெயர் சொல்லி எழுதினால் படிக்கிறவர் நம்புவார்.

ஏழாம் படி: போனில் சொல்லிப் பழகுங்கள்

விண்ணப்பம் பிடித்திருந்தால் போன் வரும். "ஆர் யூ வில்லிங் டு ஜாயின் இமீடியட்லி?" என்று கேட்பார்கள். பதில் "எஸ், ஐ ஆம்". பதற்றத்தில் பலர் "எஸ், ஐ வில்" என்கிறார்கள். கேள்வி "ஆர்" என்று தொடங்கினால் பதில் "ஆம்" என்று முடிய வேண்டும். ஒரு வாரம் அவகாசம் வேண்டுமானால் உடனே சேர்த்துச் சொல்லுங்கள்: "எஸ், ஐ ஆம், பட் ஐ நீட் ஒன் வீக்". சம்மதித்துவிட்டுப் பிறகு இழுப்பதைவிட இது மரியாதை.

உச்சரிப்பில் இரண்டு இடம் உதைக்கும். முதல் எழுத்துக்கு நம் "வ" போல மேற்பல் கீழுதட்டில் படக் கூடாது. உதட்டைக் குவித்து "உ" சொல்லப் போகிறவர் போலத் தொடங்கி "இ"க்கு நழுவ வேண்டும். நம் முன்னோர் இதைச் சரியாகவே காதில் வாங்கியிருக்கிறார்கள். சொத்து எழுதி வைக்கும் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த "வில்" என்ற பெயரைத்தான் அவர்கள் "உயில்" என்று எழுதினார்கள். அந்த "உ" அந்த உதட்டுக் குவிப்பே. வில்லிங்குக்கும் அதே தொடக்கம். வீட்டில் உயில் பேச்சு எழும்போது கவனித்துக் கேளுங்கள். நடுவில் எழுத்தில் "எல்" இரண்டு இருந்தாலும் நாக்கு ஒரு முறைதான் தொட வேண்டும். நாம் "வில்லு" என்று அழுத்துவது போல அழுத்தக் கூடாது.

இரண்டாவது உதை, கடைசியில். "வில்லிங்கு" என்று ஒரு "கு" நம்மிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதை வெட்ட, சொல்லைத் தனியாகச் சொல்லிப் பழகாதீர்கள். "வில்லிங் டு" என்று இரண்டையும் சேர்த்து, மூச்சு விடாமல் பத்து முறை சொல்லுங்கள். பின்னாலேயே "ட" வந்து நின்றுவிட்டால் "கு" நுழைய இடமிருக்காது.